வைக்கோல் ஆகாத சரக்கு

நான் ஆசிட் லாரி ஓட்டுகிறேன். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை என்று கேட்டு, நான் இதைச் சொன்னால், அவர் நாற்காலி தானாகக் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. நான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ஆசிட் லாரியில்தான் இருக்கிறது, என் சட்டைப் பையில் இல்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன். பந்திக்குக் கூப்பிட்டால் நானாகவே ஓரத்து இலையைப் பார்த்துப் போய்விடுவேன்.

கஞ்சிக்கோட்டில் ஒரு கெமிக்கல் குடோனில் சரக்கு ஏறும். கொழிஞ்சாம்பாறை வந்து, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மலையேறி, மூணாறைச் சுற்றியும் சித்திரபுரம் பக்கமும் இறக்க வேண்டும். கேரளாவில் ஏற்றி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளாவிலேயே இறக்குகிற வேலை. பெரும்பாலும் நைட்ரிக் ஆசிட்தான். அதை வாங்குவது மேலே இருக்கும் பால் ஆலை. பால் ஓடுகிற குழாய்களுக்குள் படியும் கறையை எடுக்க இதைத்தான் தண்ணீரில் கலந்து விடுவார்கள். என் லாரியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர் கையில் இருக்கும் டீக்குப் பால் வருகிற குழாயை என் சரக்குதான் கழுவுகிறது. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டீயையும் கீழே ஊற்றிவிடுவார்கள்.

ஏற்றுவது சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளின் வேலை. நான் கேனைத் தொடக் கூடாது, தொட்டால் அங்கே பெரிய பேச்சாகிவிடும். ஏற்றிய பிறகு கட்டுவது முழுக்க என் பொறுப்பு. கன்னாஸ் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற பெரிய பிளாஸ்டிக் கேன்கள். எல்லாம் மூடி வானத்தைப் பார்க்க நிற்க வேண்டும். அடியில் மரப்பலகை ஆகாது, பிளாஸ்டிக் தட்டுதான். இரண்டு கேனுக்கு நடுவே விரல் போகிற இடைவெளி இருந்தால்கூட அங்கே பிளாஸ்டிக் அட்டையைச் செருகி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மலை வளைவில் கேன்கள் ஒன்றையொன்று இடித்து இடித்தே ஓட்டை போட்டுவிடும். பிறகு மேலே குறுக்காக பெல்ட் போட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி இறுக்க வேண்டும். சரியாக இறுகிய பெல்ட்டைத் தட்டினால் கெட்டியாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை நான் இறங்கமாட்டேன்.

இதோடு இன்னொரு கட்டளையும் உண்டு. சாக்கு, துணி, காகிதம், மரத்தூள், வைக்கோல், இவை எதுவும் இந்தச் சரக்குக்குப் பக்கத்தில் வரக் கூடாது. நைட்ரிக் ஆசிட் வைக்கோல் மேல் பட்டால் நெருப்புக்குச்சி வேண்டியதில்லை. வைக்கோல் மஞ்சளாகும், சூடாகும், புகையும், பிறகு தானாகவே எரியும். பயிற்சி வகுப்பில் ஒரு தட்டில் வைத்து இதைச் செய்து காட்டினார்கள். மற்ற டிரைவர்கள் போனில் படம் எடுத்தார்கள். நான் தட்டைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் நான் வைக்கோலிலேயே வளர்ந்தவன்.

எங்கள் ஊர் முதலமடைப் பக்கம். மாந்தோப்புக் குடும்பம். சீசனில் அந்த ரோட்டில் பள்ளிக்கூட பஸ்கூட மாங்காய் லாரிக்கு வழிவிட்டுத்தான் போகும். எங்களுக்கும் ஒரு லாரி இருந்தது. அண்ணன் ஏற்றுவார், நான் ஓட்டுவேன். மாங்காய் ஏற்றுவது என்றால் வைக்கோல் போடுவதுதான், மற்றதெல்லாம் சும்மா தூக்கி வைப்பது என்பார் அண்ணன். எங்கள் பக்கத்துச் சித்தூருக்குப் போய் நெல் வைக்கோலைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்குவார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி கேலி செய்வார். விலை கூடிய பழத்துக்கு வைக்கோலை உதறிப் போடமாட்டார். கையில் முறுக்கிப் புரி திரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே வளைத்து வைப்பார். எங்கள் வண்டியில் போன பழம் அடிபட்டு வந்தது என்று ஒரு மண்டிக்காரரும் சொன்னதில்லை. மாங்காய்க்கு மட்டுமல்ல, அவர் எதற்கும் வைக்கோல்தான். கண்ணாடி பீரோ, டிவி, கோழி முட்டை, தங்கை வீட்டுக்குப் போகும் கிரைண்டர், எல்லாம் வைக்கோலில் படுத்துத்தான் போகும்.

பிறகு என் மனைவி இறந்தாள். அவள் போனதும் எனக்கு மனிதர்களின் பேச்சே பிடிக்காமல் போயிற்று. மாங்காய் லாரி என்றால் வாய் ஓயாத கூட்டம். ஏற்றுகிறவர்கள் பத்துப் பேர், எடை போடுகிறவர், தரகர், வழியில் டீக்கடைக்காரர், எல்லோரும் பேசுவார்கள். அதிலும் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஓட்டுகிற வண்டி எது என்று பார்த்தேன். ஆசிட் வண்டி கிடைத்தது. பயிற்சி எடுத்து, லைசென்சில் அதற்கான அனுமதி வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

அண்ணனிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று அண்ணி சொன்னார். சொல்லித்தான் போனேன். ஆனால் அவர் அதைக் கேட்ட விதம் வேறு. "என்கூட வண்டில உக்காரப் புடிக்காம விஷத்தோட போறயா?" என்றார். பேசவே பிடிக்காத காலத்தில் எதற்குப் பதில் சொல்வது? அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். லாரியை விற்றார். பொங்கலுக்குப் போனால் அண்ணி சாப்பாடு போடுவார், அண்ணன் தோப்புக்குப் போயிருப்பார். அந்தத் தோப்பு வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர் இருமுவது எனக்குக் கேட்கும்.

நான் கேட்டது தனிமை. அதை இந்த வண்டி அள்ளி அள்ளிக் கொடுத்தது. லாரியின் நாலு பக்கமும் சாய்சதுரப் போர்டு உண்டு. அதில் குழாயிலிருந்து சொட்டும் நீர் ஒரு கையைத் தின்பதுபோல் படம். அந்தப் படத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். உடுமலையில் சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தப் போனால் முதலாளி கல்லாவிலிருந்தே கையை ஆட்டுவார். "அக்கட்ட, அக்கட்ட, இன்னும் தள்ளிப் போடுங்க." நான் தள்ளித்தான் போடுவேன். மற்ற லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். டிரைவர்கள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். என் வண்டி வெயிலில் தனியாக நிற்கும். அதைப் பார்வைக்கு எட்டாத இடத்தில் விடக் கூடாது என்பதால் நானும் அதன் பக்கத்தில் நிற்பேன். டீ கொண்டுவருகிறவர் பாதி வழியில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார். நான் போய் எடுத்துக்கொள்வேன். மாங்காய் லாரிக்குக் கை காட்டும் பிள்ளைகள் இந்த லாரிக்குக் கை காட்டுவதில்லை.

முதல் வருஷம் இது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. பிறகு ஒரு நாள், மறையூரில் கரும்புக் காட்டைப் பார்த்தபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வருஷம் கரும்பு நல்லா வந்திருக்கு, அவ்வளவுதான். சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் லாரி இருந்தது. பேச்சு வேண்டாம் என்று நான் ஓடிவந்தபோது எல்லோரும் பேசினார்கள். பேச்சு வேண்டும் என்று வந்தபோது ஒருவரும் கிட்ட வரவில்லை. அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். அழுதால் கேட்கவும் ஆள் இல்லாததால் நன்றாகவே அழ முடிந்தது.

அப்போதிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அண்ணன் ஒருமுறை என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். மன்னிப்பு, சமாதானம் என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். முன்போல வண்டியைத் தட்டி, "கெளம்பலாம்" என்றால் போதும்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் என் இடது தோள் பிடித்துக்கொண்டது. கை மேலே போகவில்லை. பெல்ட் கைப்பிடியைத் தள்ள முடியாமல் திண்டாடினேன். கொழிஞ்சாம்பாறையில் மருந்து வாங்கிய கடையில் அண்ணியின் தம்பி இருந்தான். அவன் போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். அடுத்த லோடு ஏற்றுகிற அன்று காலை, குடோன் வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் வந்து நின்றது. பின்னால் ஏதோ தார்ப்பாயில் சுற்றிக் கட்டியிருந்தது. அதிலிருந்து அண்ணன் இறங்கினார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். சாய்சதுரப் போர்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கை மேல எந்திரிக்கறதில்லையாமா?" என்று டயரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்ண்ணா."

"இந்த வருசம் பூவெல்லாம் கொட்டிப் போச்சு. தோப்புல வேலையில்ல. சும்மா கெடக்கறதுக்கு வந்தேன். எப்படிக் கட்டோணும்னு சொல்லு."

சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். முதல் பெல்ட்டை இறுக்கியதும் தட்டிப் பார்த்தார். நான் சொல்லவே இல்லை, அவராகவே தட்டினார். அப்போது ஆபீசிலிருந்து பேப்பர் வாங்க வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். வெளியாட்களைச் சரக்கோடு தனியே விடக் கூடாதுதான். ஆனால் என் கண்ணுக்கு அவர் வெளியாளாகத் தெரியவில்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வேறு ஒரு லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆபீசில் வரிசையில் வெகுநேரம் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் எல்லா பெல்ட்டையும் இறுக்கி, தார்ப்பாயையும் இழுத்துக் கட்டி முடித்திருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. ஒவ்வொரு பெல்ட்டின் ஓரத்தையும் வெளியிலிருந்தே தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். தார்ப்பாயை அவிழ்த்து உள்ளே பார்த்திருக்கலாம். அவர் முன்னால் அவிழ்க்க மனசு வரவில்லை.

அண்ணன் வண்டியின் பக்கவாட்டில் பலமாக ஒரு தட்டுத் தட்டி, "கெளம்பலாம்" என்றார்.

அன்றைக்கு நான் ஓட்டியது ஆசிட் லாரி என்றே எனக்கு நினைவில்லை. கோபாலபுரத்தில் செக்போஸ்ட்காரருக்கு வணக்கம் போட்டேன், அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். உடுமலைக் கடைக்காரர் தள்ளிப் போடச் சொல்வதற்கு முன்பே சிரித்துக்கொண்டே தள்ளிப் போட்டேன். கல்லின் மேல் வைத்த டீ அன்று ருசியாக இருந்தது. கிளீனர் இல்லாத சீட்டைப் பார்த்து, "எங்க அண்ணன் வந்துட்டுப் போனாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன். யார் காதிலாவது விழுந்திருந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

மறையூர் தாண்டி ஏற்றம் ஏறினால் டீத்தோட்டம் ஆரம்பிக்கும். அங்கே அகலமான ஒரு வளைவு உண்டு. ஏற்றத்தில் சரக்கு பின்னால் சாயும் என்பதால் எப்போதும் அங்கே நிறுத்திப் பெல்ட்டைப் பார்ப்பேன். இறங்கிய உடனே ஒரு நெடி மூக்கில் ஏறியது. அந்த வாசனையை எனக்குத் தெரியும். பின்பக்கம் ஓடினேன். தார்ப்பாயின் மூலையில், பழுப்பு நிறத்தில் மெல்லிசாகப் புகை.

கையுறை, முகமூடி, கண்ணாடி, ஏப்ரன், எல்லாம் போட்டுக்கொண்டு மேலே ஏறித் தார்ப்பாயை விலக்கினேன். ஒரு கேனின் மூடியோரம் கசிந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை, அதற்கு வழி தெரியும். கேனுக்கும் கேனுக்கும் நடுவே பிளாஸ்டிக் அட்டை இல்லை. வைக்கோல் இருந்தது. அடியிலிருந்து மேல் வரைக்கும், லாரி முழுக்க வைக்கோல். கசிந்த கேனைச் சுற்றி அது மஞ்சளாகி, பழுப்பாகிப் புகைந்துகொண்டிருந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணனைத் திட்டினேன், சித்தூர் வயலைத் திட்டினேன், வைக்கோலைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே இழுத்து இழுத்து ரோட்டில் போட்டேன். பிடித்துக்கொண்ட தோள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையில் வந்த வைக்கோலின் சூடு உறையைத் தாண்டித் தெரிந்தது. ரோட்டில் விழுந்த ஒரு குவியல் சடாரென்று எரிந்தது. குதித்து இறங்கி டிரம்மிலிருந்த தண்ணீரைக் கொட்டினேன். திரும்ப ஏறினேன்.

மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. எஸ்டேட் ஆட்கள். தூரத்திலேயே பிரேக் போட்டுவிட்டு டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏண்ணே, என்னமோ பொகையுது? நாங்க வரவா?"

"வராதீங்க! ஆசிட்டு! பின்னால போங்க!"

"தனியா நிக்கிறீகளேண்ணே!"

"போங்கன்னு சொல்றேன்ல!"

ஜீப் அப்படியே பின்னால் போயிற்று. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் வரவா என்று கேட்டார், அவரை நானே விரட்டினேன். அவர்கள் போகும்வழியில் வரும் வண்டிகளையும் நிறுத்திவைத்தார்கள் போலிருக்கிறது. வேறு எதுவும் வரவில்லை. அந்த மலையில் நானும் புகையும் மட்டும் இருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. இங்கே எரிந்து போனால் யார் தேடுவார்கள் என்று யோசித்தேன். குடோன்காரர் தேடுவார், பால் ஆலைக்காரர் தேடுவார். சரக்கைத் தேடுவார்கள்.

கசிந்த கேனை, இதற்கென்றே வண்டியில் இருக்கும் பெரிய காலி டிரம்முக்குள் இறக்கி மூடினேன். சிந்தியிருந்த இடத்தில் மணல் போட்டேன். புகை நின்றது. ஆனாலும் மீதி வைக்கோல் முழுவதையும் எடுத்தாக வேண்டும். இப்போது அவசரம் இல்லாததால் அதைச் சரியாகப் பார்த்தேன். அவர் அதை உதறிப் போடவில்லை. முறுக்கிப் புரி திரித்திருந்தார். ஒவ்வொரு கேனின் கழுத்துக்கும் இடுப்புக்கும் தனித்தனியாக வளைத்து, முனை வெளியே தெரியாமல் உள்ளே சொருகியிருந்தார். தோப்பிலேயே விலை கூடிய பழத்துக்குக்கூட அவர் இவ்வளவு செய்து நான் பார்த்ததில்லை. முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து திரித்திருப்பார்.

என் மனைவியைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து இனி வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள் என்று அனுப்பியபோது, வேனில் அவளைப் படுக்கவைக்கும் மெத்தைக்கு அடியில் அண்ணன் இப்படித்தான் புரி திரித்துப் பரப்பியிருந்தார். குலுங்கினால் அவளுக்கு வலி தாங்காது. ஊர் வந்து சேர்ந்ததும், "ரோடு புதுசாப் போட்டிருக்காங்களா?" என்று அவள் கேட்டாள். ரோடு பழைய ரோடுதான். அதை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு கேனின் கழுத்திலிருந்தும் புரியைக் கழற்றினேன். பிளாஸ்டிக் அட்டைகள் முன்பக்கத்து மூலையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துச் செருகி, ஒரு கையாலும் தோளாலும் பெல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

பால் ஆலை வாசலில் நிறுத்தியபோது போன் அடித்தது. அண்ணன். அவர் பெயர் என் போனில் எரிந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"போய்ச் சேந்துட்டயா?"

"சேந்துட்டனுங்ண்ணா."

"சரக்கு அலுங்காமப் போச்சா?" குரலில் ஒரு குறும்பு இருந்தது. பழைய குரல்.

நல்லாப் போச்சுங்ண்ணா என்றால் போதும். அடுத்த லோடுக்கும் வருவார். வந்து புரி வைப்பார், வண்டியைத் தட்டுவார். நான் குடோனை விட்டு வெளியே வந்து, கொழிஞ்சாம்பாறைக்கு முன்னால் ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கொஞ்ச நேர வேலை. அண்ணன் திரும்பக் கிடைப்பதற்குக் கொஞ்ச நேர வேலை அதிகமா? இதைச் சத்தியமாக யோசித்தேன். முட்டாள்தனம் என்று தெரிந்தே யோசித்தேன். ஒரு மூடி அந்த ஆளில்லாத இடத்துக்கு முன்னாலேயே கசிந்தால்? அவர் பக்கத்தில் நிற்கும்போதே கசிந்தால்?

"அண்ணா, வைக்கப்புல்லு வெச்சீங்களா?"

"பின்ன? அந்தப் பிளாஸ்டிக்கு அட்டைய நம்பி உன்னைய மலைக்கு அனுப்பறதா? அடில இருந்து புரி சுத்தியிருக்கறேன். ஏன், கம்மியாப் போச்சா?"

"இல்லீங்ண்ணா. இந்த ஆசிட்டுக்கு வைக்கப்புல்லு ஆகாதுங்க. மேல பட்டா தானா எரிஞ்சுக்கும். ஒரு கேன் கசிஞ்சிருச்சு. பொகை வந்துருச்சு. எல்லாத்தையும் ரோட்டுல எடுத்துப் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தோப்பில் நிற்கிறார் என்று தெரிந்தது.

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்ண்ணா."

"நானே உன்னையக் கொளுத்திப் போடறதுக்குப் பாத்திருக்கறேன்."

"அப்பிடி இல்லீங்ண்ணா, உங்களுக்குத் தெரியாதுல்லீங்க, நாந்தான் சொல்லல…"

"செரி. வெச்சர்றேன்."

திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. குடோனுக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விடக்கூடிய விஷயம் இல்லை. சூப்பர்வைசர் மலையாளி, கோபக்காரர் இல்லை, அன்றைக்குக் கோபப்பட்டார். யார் வைத்தது என்றார். எங்கள் அண்ணன் என்றேன். "இனிமே அவரை காம்பவுண்டுக்குள்ள விடக்கூடாது, கேட்டோ" என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால் வலி குறையவில்லை.

ஊருக்கு வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சாப்பாடு போட்டார். அண்ணன் தோப்பில் இருந்தார். தோப்புக்கே போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து வாய்க்கால் பக்கமாக நடந்துவிட்டார். கோபம் என்றால் பின்னாலேயே போய்ச் சண்டை போட்டிருப்பேன். அது கோபம் இல்லை. அவர் முகத்தை எனக்குக் காட்ட முடியாமல் போனார். "ராத்திரியில தூங்கறதில்ல. கையையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு" என்றார் அண்ணி. நான் உண்மையைச் சொல்லி அவரை இழந்தேன் என்று நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாம் என்றும் நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடியே அடுத்த லோடு வரைக்கும் இருந்தேன்.

அடுத்த லோடை நானே கட்டினேன். தோள் பாதி சரியாகியிருந்தது. கிளம்பும்போது வண்டியைத் தட்ட யாரும் இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த டிவிஎஸ் நின்றிருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார். இந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்தேன்.

"எறங்காத. அங்கியே நில்லு" என்று அங்கிருந்தே கத்தினார். "தோப்புல இருந்து நேரா வர்றேன். என்ற மேல எங்கியாச்சும் துரும்பு ஒட்டியிருக்குதான்னு நல்லாப் பாரு. இருந்துச்சுன்னா நான் கிட்ட வல்ல. இப்பிடியே நின்னு பேசிட்டுப் போயர்றேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போகிற வருகிற வண்டிக்காரர்கள் பார்க்கப் பார்க்க, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

காலருக்குப் பின்னால் ஒன்று இருந்தது. நான் இறங்கி ரோட்டைக் கடந்து போய் அதை எடுத்துப் போட்டேன். அதுவரைக்கும் அவர் கையைக் கீழே இறக்கவில்லை.